மெஷின் சீட்டை ஒளிச்சு வைக்குமா?

கேள்வி: லாஸ் வேகஸ் போயிட்டு வந்த மச்சான் வீடியோ போக்கர்ல (மெஷின்ல காசு கட்டி ஆடுற சீட்டாட்டம்) டாலரை விட்டுட்டு, மெஷினே ஏமாத்துதுங்கறாரு. உள்ளதா அண்ணே?
- வாசகர், களியக்காவிளை

பதில்: அதுக்கு அங்க சட்டம் விடாது தம்பி. லாஸ் வேகஸ் இருக்குற நெவாடா மாநில விதிப்படி, சீட்டு காட்டுற மெஷின்னா நிஜக் கட்டுல என்ன வாய்ப்போ அதேதான் அதுலயும் இருக்கணும், 52 சீட்டுக்கும் சம வாய்ப்பு, நீங்க முன்னாடி ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு பாத்து மெஷின் மாத்திக்கக் கூடாது. ஆனா நியாயமா ஆடுனாலும் கடைக்காரனுக்கு லாபம் வேணும்ல, அது ஸ்க்ரீன்லயே பே டேபிள்ல, அதாவது எந்தச் சீட்டுச் சேர்க்கைக்கு எவ்வளவுங்கற பட்டியல்ல, பப்ளிக்கா கிடக்கு. ஜாக்ஸ் ஆர் பெட்டர்ங்கற வீடியோ போக்கர் வகைல ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்புல மூணு சீட்டு, இன்னொரு மதிப்புல ரெண்டு) கட்டுன காசுக்கு 9 மடங்கு, ஃப்ளஷ்ஷுக்கு (அஞ்சு சீட்டும் ஒரே சின்னம்) 6 மடங்கு குடுத்தா, தப்பே பண்ணாம ஆடுறவருக்கு கட்டுன காசுல சராசரியா 99.54 சதவீதம் திரும்பும், அதே 8, 5 ஆச்சுன்னா 97.3 தான். பாறசாலைல லாட்டரி வாங்குறப்ப பரிசு லிஸ்டைத் திருப்பித் திருப்பிப் பாக்குற ஆளு, அங்க இதைப் பாத்தாரான்னு கேளுங்க.