ஆழ்மனம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா? சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் சொன்ன ‘நிழல்’ என்றால் என்ன?

கூடவே “என் ஆர்க்கிடைப் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லார் மனதிலும் இருப்பதாக யுங் சொன்ன ஆதிப் படிமங்கள்தான் ஆர்க்கிடைப். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆழ்மனம் இருக்கிறது என்றே நம்புகிறேன். ‘முடிச்சு’ என்ற சாதாரணச் சொல்லுக்குப் பதில் வராமல் ஒன்பது விநாடி வாயடைத்து உட்கார்ந்திருந்த நாளிலிருந்து நம்புகிறேன்.

யுங் என்றதும் பலருக்குக் கனவு, புராணம், வட்டமாக வரையும் மண்டல ஓவியம் இதெல்லாம்தான் நினைவுக்கு வருகிறது. அவர் தொடங்கிய இடம் வேறு. 1900 டிசம்பரில், 25 வயதில், சூரிச் நகரத்தின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் அதன் தலைவர் ஆய்கன் ப்ளாய்லரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் கையில் இருந்தது ஒரு நிறுத்துக் கடிகாரமும் நூறு சொற்கள் கொண்ட ஒரு தாளும். தலை, பச்சை, தண்ணீர் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். எதிரில் இருப்பவர் மனதில் முதலில் தோன்றும் சொல்லை உடனே சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்வார். இந்தச் சோதனை அவருக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் மற்றவர்கள் என்ன பதில் வருகிறது என்று பார்த்தபோது, யுங்கும் அவருடைய சகா ரிக்லினும் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தார்கள். ஒரு சொல்லுக்குத் திணறுவது, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வது, காரணமில்லாமல் சிரிப்பது எல்லாமே கணக்கில் வந்தன. பட்டியல் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, “முன்னே என்ன பதில் சொன்னீர்கள்?” என்று கேட்பார்கள். தடுமாறிய சொற்களுக்குச் சொன்ன பதில்தான் பெரும்பாலும் மறந்துபோயிருக்கும். அந்த இடத்தில் உணர்ச்சி கட்டிக்கொண்ட ஏதோ ஒன்று உள்ளே கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அதைத்தான் ‘காம்ப்ளெக்ஸ்’ என்றார்கள். அந்தச் சொல் இவ்வளவு பரவலானதற்கு இந்த வேலை ஒரு முக்கியக் காரணம்.

சித்தி மகள் உளவியல் படிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, “அக்கா, பத்து நிமிஷம் உக்காருங்க” என்று அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள். சில சொற்களை அவளே சேர்த்திருந்தாள். கைபேசியில் நேரம் ஓடியது. பச்சைக்கு இலை, தண்ணீருக்குக் குடம் என்று ஒன்றிரண்டு விநாடியில் சொல்லிக்கொண்டே வந்தேன். ‘முடிச்சு’ என்றாள். ஒன்றும் வரவில்லை. கயிறு என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். ஒன்பது விநாடி கழித்து “தூக்கம்” என்றேன். எனக்கே விளங்கவில்லை. இரண்டாவது சுற்றில் அதே சொல்லுக்கு “கயிறுன்னுதானே சொன்னேன்?” என்று உறுதியாகச் சொன்னேன். அவள் தாளைக் காட்டினாள்.

அன்று ராத்திரி பாத்திரம் ஒழித்துப் போடும்போது திடீரென்று வெற்றிலை வாசனை நினைவில் வந்தது. அப்பத்தா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் படுத்திருக்கிறார். முந்தி முடிச்சு தரையில் தொங்குகிறது. எனக்கு ஒன்பது வயது. அவிழ்க்கிறேன். இறுக்கிப் போட்ட முடிச்சு, நகம் வலிக்கிறது. உள்ளே மடித்து மடித்து ஈரமாகிப்போன இருபது ரூபாய். சாயங்காலம் வீட்டில் பெரிய சத்தம். பழி விழுந்தது எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா மேல். அவர் அழுதுகொண்டே முந்தானையை உதறிக் காட்டினார். மறுநாளிலிருந்து வரவில்லை. நான் வாயே திறக்கவில்லை.

இது எனக்கு மறந்தே போயிருந்தது என்று சொல்ல முடியாது. யாராவது நேராகக் கேட்டிருந்தால் ஞாபகம் வந்திருக்கும். ஆனால் முப்பது வருடமாக நான் அந்தப் பக்கமே போனதில்லை.

பிறகு படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. யுங்கிடம் ஒரு தலைமைச் செவிலி வந்து, மருத்துவமனையில் பணப்பை திருட்டுப் போய்விட்டது, மூன்று செவிலியர் மேல் சந்தேகம் என்றார். பணப்பை, சங்கிலி, தோல், ரசீது என்று திருட்டோடு தொடர்புடைய சொற்களைச் சாதாரணச் சொற்களுக்கு நடுவே கலந்து மூவரிடமும் சோதனை செய்தார். ஒருவருடைய தடுமாற்றம் காட்டிக்கொடுத்தது. அவர் ஒப்புக்கொண்டும் விட்டார். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று.

சரி, நிழலுக்கு வருவோம். நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் நல்ல படத்தில் பொருந்தாததை எல்லாம் பின்னால் தள்ளிவிடுகிறோம். யுங் அதற்குத்தான் நிழல் என்று பெயர் வைத்தார். அதில் கெட்டது மட்டும் இருக்கும் என்றில்லை. அடக்கி வைத்த திறமையும் துணிச்சலும்கூட இருக்கலாம். தள்ளியது அங்கேயே சும்மா கிடப்பதில்லை, இன்னொருவர் முகத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. காரணத்துக்கு மீறி யார் மேல் எரிச்சலோ சந்தேகமோ வருகிறதோ, அங்கே தேட வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருபவர் ஐந்து வருடமாக வருகிறார். ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. ஆனாலும் அவர் படுக்கையறையைப் பெருக்கும்போது ஏதாவது சாக்குச் சொல்லி நானும் உள்ளே போய் நிற்பேன். பீரோ சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பேன். ‘ஜாக்கிரதையாக இருக்கிறேன்’ என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். முடிச்சை அவிழ்த்தது என் கை. நான் காவல் காத்ததோ அவர் கையை.

இப்போது ஆர்க்கிடைப். தமிழில் தொல்படிமம் என்பார்கள். நாயகன், ஞானி, கலகக்காரன் என்று பன்னிரண்டு வகை போட்டு, பத்துக் கேள்வியில் ‘நீங்கள் இதுதான்’ என்று சொல்லும் பட்டியல் யுங்குடையது இல்லை; பின்னால் வந்தவர்கள் தொகுத்தது. ராசி மாதிரி ஆளுக்கு ஒன்று என்று அவர் பிரிக்கவில்லை. தாய், கிழ ஞானி, நிழல் எல்லாமே எல்லாருக்குள்ளும் உண்டு என்பதுதான் அவர் பேச்சு. 1936இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தொல்படிமத்தை நீர் வற்றிய ஆற்றுப்படுகைக்கு ஒப்பிடுகிறார். எவ்வளவு காலம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் வந்தால் அந்தத் தடத்தில்தான் ஓடும். வைகைக் கரையில் வளர்ந்த எனக்கு இது சட்டென்று புரிந்தது.

ஆனால் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. இந்தப் படிமங்கள் மனித குலம் முழுவதற்கும் பிறவியிலேயே வருகின்றன என்ற கூட்டு நனவிலிக் கருத்துக்கு அவர் காட்டிய ஆதாரம் எனக்குப் போதவில்லை. கதைகள் ஊர்விட்டு ஊர் போகின்றன. தாய், சாவு, பசி எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒற்றுமைக்கு அதுவே போதுமே என்று தோன்றுகிறது. ஆகவே நீங்கள் ஆர்க்கிடைப் தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நம்பிக்கையான ஒருவரை எதிரில் உட்காரவைத்து அந்த நூறு சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறிய சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை உடனே யாருக்கும் காட்ட வேண்டாம். மனம் ஏற்கனவே ரணமாக இருக்கும் நேரமென்றால் இதைத் தனியாகச் செய்யாமல் ஒரு மனநல ஆலோசகரிடம் போவது நல்லது.

அப்பத்தா இப்போது இல்லை. போன தீபாவளிக்கு அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறுக்கு பிழிவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், அந்த அக்காவை மகள் திருப்பூர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்வி என்றார். ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் விலாசம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.