சப்புக் கொட்டுறது எல்லாம் பசி இல்ல

கேள்வி: எங்க நாய்க்கு நாலு வயசு. ஒரு மாசமா எப்பப் பாத்தாலும் நாக்கால வாயைச் சுத்தி நக்கிக்கிட்டே இருக்கு, சப்பு சப்புன்னு சத்தம் வேற. விடியக்காலை மூணு நாலு மணிக்கு அந்தச் சத்தத்துலயே முழிப்பு வந்துடுது. என் ஆறு வயசுப் பொண்ணு கட்டிப்பிடிச்சுக் கொஞ்சும்போதும் இதே மாதிரி பண்ணுது. பசி போலன்னு பிஸ்கெட் போட்டா தின்னுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுடும். வீட்ல எல்லாரும் தீனிப்பண்டாரம்னு திட்டுறாங்க. வாய்மேல லேசா ஒரு தட்டு தட்டினா அடங்குது. இந்தப் பழக்கத்தை நிரந்தரமா நிறுத்த என்ன ட்ரெயினிங் குடுக்கணும்?

பதில்: முதல்ல அந்தத் தட்டு தட்டுறதை நிறுத்துங்க. இன்னிக்கே. மிச்சத்தை அப்புறம் படிச்சா போதும்.

நீங்க இதைப் பழக்கம்னு முடிவு பண்ணிட்டு, நிறுத்துறதுக்கு வழி கேக்குறீங்க. ஆனா உங்க கடிதத்துலயே ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, விடியக்காலையில நடக்குறது ஒண்ணு, குழந்தை கட்டிப்பிடிக்கும்போது நடக்குறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் பசிக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். நம்ம பேச்சுல சப்புக் கொட்டுறதுன்னாலே ருசி, நாக்கு ஊறுறது, இன்னும் கொஞ்சம் கிடைக்காதாங்கிற ஆசை, அந்த அர்த்தத்தை அப்படியே தூக்கி நாய் மேல வச்சுடுறோம். சாப்பாடு கண்ணுல பட்டா, தட்டு சத்தம் கேட்டா நாய்க்கு எச்சில் ஊறும்தான், அதைத்தான் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் நூறு வருஷத்துக்கு முன்னாடியே காட்டிட்டார். சாப்பிட்டு முடிச்சதும், தண்ணி குடிச்சதும், ஏதாவது மோந்து பாக்குறப்போ மூக்கை ஈரமாக்கிக்கிறதுக்கும் நக்கும். அதெல்லாம் ரெண்டு தடவை நக்கிட்டு முடிஞ்சுடும், அதுக்கு யாரும் கவலைப்பட வேண்டாம். சாப்பாடே இல்லாத நேரத்துல, ஒரு காரணமும் கண்ணுக்குத் தெரியாம, நிறுத்தாம நக்குதுன்னா அது வேற சமாச்சாரம்.

குழந்தை விஷயத்தை முதல்ல எடுத்துக்கிறேன், ஏன்னா எனக்கு பயமா இருக்கிறது அதுலதான். நாய்க்கு ஒரு விஷயம் பிடிக்கலேன்னா எடுத்த எடுப்புல கடிக்காது, அதுக்கு முன்னாடி சின்னச் சின்னதா நிறைய சொல்லும். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கும், தூக்கமே வராத நேரத்துல கொட்டாவி விடும், ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு நிக்கும், கண்ணோட ஓரத்துல வெள்ளை தெரியும், உடம்பு விறைப்பாகும், நாக்கு சட்டுன்னு வெளிய வந்து மூக்கைத் தொட்டுட்டு உள்ள போகும். நார்வே நாட்டு ட்ரெயினர் டூரிட் ருகாஸ் இந்த மாதிரி அடையாளங்களையெல்லாம் பல வருஷம் பாத்து எழுதி வச்சாங்க, எனக்கு இதுல சண்டை வேணாம், கொஞ்சம் அமைதியா இருப்போமேன்னு நாய் சொல்ற பாஷைன்னு அவங்க விளக்குறாங்க. இங்கிலாந்தோட லிங்கன் யுனிவர்சிட்டியும் பிரேசிலோட சாவோ பாவ்லோ யுனிவர்சிட்டியும் சேர்ந்து 2017ல வெளியிட்ட ஆய்வுல நாய்களுக்கு மனுஷ முகம், நாய் முகம்னு படங்களைக் காட்டி குரலும் போட்டுப் பாத்தாங்க, கோபமா இருக்கிற மனுஷ முகத்தைப் பாத்தப்பதான் நாய்கள் அதிகமா வாயை நக்கிச்சு, கோபமான குரலுக்கு அப்படி நடக்கல. அந்த இடத்துல சாப்பாட்டுப் பேச்சே இல்லங்கிறதை கவனிங்க.

உங்க பொண்ணு கோபமா பாக்கல, பாசமாத்தான் கட்டிப்பிடிக்குது, சரி. ஆனா கழுத்தைச் சுத்தி ரெண்டு கை விழுந்தா நகர முடியாது, முகத்துக்கு நேரா இன்னொரு முகம் வருது, பல நாய்களுக்கு அது கொஞ்சலா தெரியாது, மாட்டிக்கிட்ட மாதிரிதான் தெரியும். அப்போ அது நாக்கை வெளிய விட்டு "போதும்"னு சொல்லுது. அதுக்கு பதிலா அதுக்குக் கிடைக்குறது வாய்மேல ஒரு தட்டு. அடங்குதுன்னு எழுதியிருக்கீங்க, ஆமா, அடங்கும். பிடிக்காம இருக்கிறது அப்படியேதான் இருக்கு, சொல்றதை மட்டும் விட்டுடுச்சு. இப்படித்தான் ஒவ்வொரு எச்சரிக்கையா அடக்கி அடக்கி, நக்குனா அடி, உறுமினா அடின்னு வளத்துட்டு, கடைசியில ஒரு நாள் "எந்த அறிகுறியும் இல்லாம திடீர்னு கடிச்சிடுச்சு"ன்னு சொல்றாங்க. குழந்தைங்களைக் கடிக்கிறது எப்பவும் தெருவுல போற ஏதோ ஒரு நாய்தான்னு இல்ல, தெரிஞ்ச நாயும் கடிக்கும், வீட்டு நாயேகூட கடிக்கும். அதனால உறுமினாக்கூட திட்டாதீங்க, குழந்தையைத் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க.

பொண்ணுக்கு ஒரே ஒரு விஷயம் கத்துக் குடுங்க, நாயைத் தேடி இவ போகக்கூடாது, அதுவா வந்தா மட்டும் தடவணும். மார்புப் பக்கமா மூணு செகண்ட் தடவிட்டு கையை எடுத்துடணும், அது இன்னும் பக்கத்துல வந்து ஒட்டினா தொடரலாம், திரும்பிப் போச்சுன்னா விட்டுடணும். ஆறு வயசுக் குழந்தைக்கு இது நல்லாவே புரியும், சொல்லப்போனா பெரியவங்களைவிட சீக்கிரமா புரிஞ்சுக்குவாங்க. நீங்க கூடவே இருங்க, ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டுப் போகாதீங்க. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் நாய்கிட்ட யாரும் போகவே வேண்டாம்.

இப்போ விடியக்காலை சத்தம். இது எனக்கு வயித்துப் பிரச்சினை மாதிரிதான் தோணுது, டாக்டர் பாத்துத்தான் உறுதி பண்ணணும். வாந்தி வர்றதுக்கு முன்னாடி நம்ம வாய்ல தண்ணி ஊறுமே, நாய்க்கும் அதேதான், மேல ஏறி வர்ற ஆசிட் தொண்டையையும் பல்லையும் அரிக்காம இருக்க உடம்பு எச்சிலை நிறைய சுரக்கும், நாய் அதை நக்கி நக்கி முழுங்கிக்கிட்டே இருக்கும், உங்களுக்குக் கேக்குற சப்பு சப்பு அதுதான். சாயங்காலம் சாப்பிட்டது செரிச்சு விடியக்காலையில வயிறு காலியா கிடக்கும்போது சில நாய்களுக்கு பித்தம் வயித்துக்குள்ள ஏறி குமட்டும், மஞ்சளா நுரை நுரையா வாந்தி எடுக்கும். பிஸ்கெட் போட்டா கொஞ்ச நேரம் சும்மா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் பாத்துதான் எனக்கு இந்தச் சந்தேகமே வந்துது, காலி வயித்துல ஏதாவது விழுந்தா குமட்டல் கொஞ்சம் அடங்கும். நீங்க அதைத்தான் தீனி ஆசைன்னு படிச்சிருக்கீங்க. கூடவே புல்லைத் தேடி அவசர அவசரமா தின்னுதா, தரையையும் சோபாவையும் நக்குதா, அடிக்கடி எச்சில் முழுங்குதா, சாப்பாட்டை மோந்துட்டு விட்டுடுதான்னு பாருங்க. கனடாவுல மான்ட்ரியல் யுனிவர்சிட்டியில தரை, சுவரு, துணின்னு ஓயாம நக்குற 19 நாய்களை பரிசோதிச்சப்போ 14 நாய்களுக்கு ஜீரண உறுப்புகள்ல ஏதோ ஒரு கோளாறு இருந்துது. மனசுல கோளாறு, கெட்ட பழக்கம்னு அதுங்களையும் சொல்லியிருப்பாங்க.

குமட்டலுக்குக் காரணம் வெறும் ஆசிட்டாவும் இருக்கலாம், கணையம், கல்லீரல், கிட்னின்னு பெரிய இடத்துலயும் இருக்கலாம். ஒரு மாசம்ங்கிறது ரொம்ப நாள். அதனால ரத்தப் பரிசோதனை கேட்டு எடுங்க. அதுவரைக்கும் உங்க வீட்டு மருந்து டப்பாவுலேர்ந்து ஒண்ணும் எடுத்துக் குடுக்காதீங்க, பாராசிட்டமாலும் ஐபுப்ரொஃபெனும் நாய்க்கு விஷம்.

வாயையும் பாக்கச் சொல்லுங்க. நாய்க்கு 42 பல்லு, ஈறு நோய் ரொம்ப சாதாரணம், நாலு வயசுல வராதுன்னு நினைச்சுடாதீங்க. உதட்டை மெதுவா தூக்கிப் பாத்தா ஈறு சிவந்திருக்கிறதும் கடைவாய்ப்பல் உடைஞ்சிருக்கிறதும் தெரியும், வலிச்சு விலகிச்சுன்னா வலுக்கட்டாயமா திறக்காதீங்க. எங்க வீட்ல முன்னாடி இருந்த நாய் ரெண்டு நாள் இதே மாதிரி நாக்கை உருட்டி உருட்டி வாயை நக்கிக்கிட்டே இருந்துது, முன்னங்காலால மூஞ்சியைத் தேச்சுது, நாங்க ஏதோ ஒட்டிக்கிச்சு போலன்னு விட்டுட்டோம், டாக்டர்கிட்ட போனா மேல் அண்ணத்துல ரெண்டு பக்கத்துப் பல்லுக்கும் நடுவுல குறுக்கா ஒரு குச்சித்துண்டு கச்சிதமா மாட்டியிருந்துது. எடுத்து ஒரு நிமிஷத்துல அது வாலை ஆட்டுச்சு. அந்த ரெண்டு நாளை நினைச்சா எனக்கு இன்னமும் கஷ்டமாத்தான் இருக்கு.

காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. வயிறு உப்பி, ஓங்கரிச்சும் ஒண்ணும் வெளிய வராம தவிச்சுதுன்னா வயிறு முறுக்கிக்கிட்டு இருக்கலாம், பெரிய, நெஞ்சு அகலம் இல்லாம ஆழமா இருக்கிற ஜாதி நாய்களுக்கு இது அதிகம், மணிக்கணக்குல உயிர் போயிடும். தேரையைக் கவ்விட்டு நுரை தள்ளினாலும் உடனே ஓடணும். கூப்பிட்டா திரும்பாம, பார்வை எங்கயோ நிலைச்சு, சூயிங்கம் மெல்ற மாதிரி தாடை மட்டும் அடிச்சுக்கிட்டா அது ஒரு வகை வலிப்பு, டிஸ்டெம்பர்ங்கிற வைரஸ் நோய் வந்த நாய்கள்ல இதைப் பாக்கலாம். தடுப்பூசி போடாத நாய் எச்சிலை முழுங்க முடியாம ஒழுகவிட்டு நடத்தையும் மாறிச்சுன்னா வாய்க்குள்ள கையே விடாதீங்க, ரேபீஸ்னு சந்தேகப்பட்டு விலகி நின்னு டாக்டருக்குச் சொல்லுங்க. உங்க நாய்க்கு இப்படி எதுவும் இருக்கிற மாதிரி நீங்க எழுதல, ஆனா இதைப் படிக்கிற வேற யாருக்காவது தேவைப்படலாம்.

ட்ரெயினிங் கேட்டீங்க. இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது ஒரு நோட்டுல எழுதுறது, எத்தனை மணிக்கு நக்குச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துது, யார் பக்கத்துல இருந்தாங்க, கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு. ராத்திரி நக்கும்போது போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க, ஏன்னா டாக்டர் டேபிள் மேல ஏறினதும் பயத்துல அது வேற மாதிரிதான் நடந்துக்கும், அங்க நக்குறது பயத்துக்கா குமட்டலுக்கான்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. நோட்டையும் வீடியோவையும் எடுத்துக்கிட்டு இந்த வாரமே போங்க. தீனிப்பண்டாரம்ங்கிற பேரையும் வீட்ல எல்லாரும் விட்டுடுங்க, அந்தப் பேர் வச்சதாலதான் ஒரு மாசமா யாருக்கும் டாக்டர் ஞாபகம் வரல.