நலவாழ்வுச் சுற்றுலா ஆய்வு: யாரைக் கேட்பது?

நலவாழ்வுச் சுற்றுலா, அதாவது உடல், மன நலனுக்கான பயணம் பற்றிய உங்கள் ஆய்வில் யோகா முகாம்களுக்கு வந்தவர்களிடம் மட்டும் கேள்விப் படிவம் கொடுத்ததால் பதில் சொல்ல ஆள் போதவில்லை, இதை வளரும் சந்தை என்கிறார்களே, அந்த ஆட்கள் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். யார் நலவாழ்வுப் பயணி என்ற வரையறையைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள்.

நலவாழ்வுத் துறையை ஆராயும் குளோபல் வெல்னெஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு இந்தப் பயணிகளை இரண்டாகப் பிரிக்கிறது. நலனுக்காகவே கிளம்புபவர்கள் முதல்நிலை. வேலைக்கோ விடுமுறைக்கோ போன இடத்தில் மசாஜ், தியானம், வெந்நீர் ஊற்று என்று நேரம் ஒதுக்குபவர்கள் இரண்டாம்நிலை. 2017-இல் உலகம் முழுக்க ஆன செலவு 63,900 கோடி டாலர் என்றும், அதில் 86 சதவீதம் இரண்டாம்நிலைப் பயணிகளுடையது என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். நீங்கள் தவறவிட்டது இந்தப் பெரும்பகுதியைத்தான்!

அதனால் சாதாரண ஓட்டல்களில் தங்குபவர்களிடமும் படிவத்தைக் கொடுங்கள். முதலில் எதற்காக வந்தீர்கள் என்று கேளுங்கள், அப்புறம் இங்கே என்னென்ன செய்தீர்கள் என்று. இரண்டையும் ஒரே கேள்வியாக்கினால் பதில்களைப் பிரிக்கவே முடியாது. அறுவை சிகிச்சைக்கோ பல் சிகிச்சைக்கோ வந்தவர்களைச் சேர்க்காதீர்கள், அது மருத்துவச் சுற்றுலா.

சரி, வளர்ச்சி விகிதம். 2020-ஐ அடிப்படை ஆண்டாக வைக்க வேண்டாம். கொரோனாவால் பயணங்கள் நின்றுபோன ஆண்டு அது, அதிலிருந்து கணக்கிட்டால் எந்தச் சந்தையும் பாய்ந்து வளர்ந்ததாகத்தான் தெரியும். 2019-இலிருந்து தொடங்குங்கள். படிவத்தின் வரைவை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.