வயலில் சிவப்பு, விதையில் கலப்பு: நாட்டு வெண்டையைக் காப்பது எப்படி?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் 20 சென்டில் நாட்டுச் சிவப்பு வெண்டை போட்டு, மூன்று வருடமாக விதை எடுத்து நாலு பேருக்குக் கொடுத்துவருகிறேன். ரசாயனம் தொடுவதில்லை. போன வருடம் விதை வாங்கிய இருவர், பத்துக்கு இரண்டு செடியில் வெளிறிய காய் வருகிறது என்கிறார்கள். என் வயலில் எல்லாக் காயும் சிவப்பாகத்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் 60 மீட்டர் தள்ளி ஒட்டு ரக வெண்டை இருக்கிறது. அவரிடம் சண்டை போடுவதா, இந்த ரகத்தையே விட்டுவிடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம்.

நீங்கள் வயலில் பார்த்தது தாய்ச்செடியின் காயை. காயின் தோலும் நிறமும் தாயுடையவை. எந்த மகரந்தம் விழுந்தாலும் அந்தக் காய் சிவப்பாகத்தான் இருக்கும். கலப்பு உள்ளே இருக்கும் விதையில் ஒளிந்திருக்கும். அதை விதைத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்குத் தெரியாதது வாங்கியவர்களுக்குத் தெரிந்தது. அந்த வெளிறிய செடிகளில் விதை எடுத்து மறுபடி போட்டால், அடுத்த வருடம் பச்சை, சிவப்பு, இரண்டுங்கெட்டான் என்று பிரிந்துகொண்டே போகும். ஆகவே அவற்றைக் கறிக்கு மட்டும் பறிக்கச் சொல்லி இன்றைக்கே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

வெண்டை தன் பூவுக்குள்ளேயே சூல் பிடிக்கக்கூடிய பயிர்தான். ஆனால் பூ பெரிது, தேனீக்குப் பிடித்தது. காலையில் விரிந்த பூ மாலைக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தோடு வந்து உட்கார்ந்தால் போதும். மக்காச்சோளத்தைப் போல இதன் மகரந்தம் காற்றில் பறக்காது. கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது. ஆக உங்கள் கவனம் முழுக்கப் பூச்சி மேல்தான் இருக்க வேண்டும். விதைச் சான்றளிப்பில் வெண்டைக்குப் பயிர் விலகு தூரம், அதாவது வேறு ரக வெண்டையிலிருந்து தள்ளி இருக்க வேண்டிய தூரம், ஆதார விதைக்கு (சான்று விதை பெருக்கப் பயன்படும் மூல விதை) 400 மீட்டர், உழவர் வாங்கி விதைக்கும் சான்று விதைக்கு 200 மீட்டர். நெல்லுக்கு வெறும் 3 மீட்டர் போதும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு இருப்பது 60 மீட்டர். அங்ககச் சான்று (இயற்கை விவசாயச் சான்று) வைத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ரசாயனம் தொடாததும் ரகம் சுத்தமாக இருப்பதும் வேறு வேறு. இதைப் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

சின்ன நிலத்தில் 200 மீட்டருக்கு எங்கே போவது? போக வேண்டாம். தேனீ வராமலேயே வெண்டை காய்க்கும் என்பதுதான் உங்களுக்குக் கிடைத்த வரம். 20 சென்டையும் காக்க நினைக்காதீர்கள். ஓரமாக 3 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் ஒதுக்கி, 50 செடி வைத்து, ஏழடிக் கம்பு நட்டு நைலான் கொசுவலையால் நாலு பக்கமும் மேலேயும் மூடுங்கள். பூக்க ஆரம்பிக்குமுன், விதைத்த 35 நாளுக்குள் மூடிவிட வேண்டும். கீழ் விளிம்பை மண்ணில் புதையுங்கள். செடிக்கு ஆறேழு நெற்று, நெற்றுக்கு 40 முதல் 50 விதை என்றாலும் முக்கால் கிலோவுக்குக் குறையாமல் தேறும். உங்கள் 20 சென்டுக்கு அது போதும், கொடுக்கவும் கொஞ்சம் மிஞ்சும். வலைக்கு வெளியே இருக்கும் வெண்டை முழுவதும் சந்தைக்கு.

வலைக்குக் காசில்லை என்றால், மறுநாள் விரியப்போகும் மொட்டைச் சாயந்திரமே கண்டுபிடித்து, நுனியை நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். பூ விரியாமலே உள்ளுக்குள் சூல் பிடிக்கும். கட்டிய காயின் காம்பில் வண்ண நூல் சுற்றி அடையாளம் வையுங்கள். பறிக்க வரும் பெண்களிடம் சொல்லி வையுங்கள். தேனீக்குத் தடுப்பாகச் சுற்றிலும் மக்காச்சோளம் மூன்று வரிசை போடுவது நல்லது, ஆனால் அதை நம்பி வலையை விட்டுவிடக் கூடாது.

பட்டத்தையும் யோசியுங்கள். ஆடியில் விதைத்தால் நெற்று காயும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துப் பூசணம் வரும். விதைக்குத் தைப்பட்டம்தான் என் தேர்வு. வெயிலில் வெள்ளை ஈ பெருகி மஞ்சள் நரம்புத் தேமல் என்ற நச்சுயிரி நோயைப் பரப்பும். கண் நெருக்கமான வலை அதையும் ஓரளவு தடுக்கும். தேமல் கண்ட செடியை உடனே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள், அதில் விதை எடுக்க வேண்டாம்.

கலவன் நீக்குவதை, அதாவது ரகம் மாறிய செடிகளைப் பிடுங்குவதை, பூக்குமுன், பூக்கும்போது, பிஞ்சு விட்டபின் என்று மூன்று முறை செய்யுங்கள். தண்டு, இலைநரம்பு, பிஞ்சு மூன்றிலும் சிவப்பு குறைந்தது எதுவானாலும் போகட்டும். அதற்காக ‘நல்ல செடி’ என்று இரண்டு மூன்றில் மட்டும் விதை எடுத்தால் ரகம் குறுகிப்போகும். மீதி எல்லாச் செடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். முதல் காய்களைக் கறிக்குப் பறித்துவிட்டுக் கடைசிச் சூம்பல் காயை விதைக்கு விடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது தப்பு. நடுத்தண்டில் திரண்ட காயை விடுங்கள். பூத்து 35 நாள் சுமாரில் நெற்று காய்ந்து கீறல் விடும்போது பறித்து, நிழலில் உலர்த்தி எடுங்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் மேல் குற்றம் இல்லை. அவர் பிழைப்பு அது. என்றைக்கு விதைக்கிறார், எப்போது மருந்தடிக்கிறார் என்று மட்டும் கேட்டு வையுங்கள். காயை அவர் தினமும் பறித்தாலும் பூ இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

விதை விற்பதில் சட்டச் சிக்கல் வருமா என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, உழவர் தன் விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, விற்க உரிமை தருகிறது. வணிகப் பெயர் போட்டு அடைத்து விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் வருட விதை கொஞ்சமாவது வீட்டில் இருக்கும், தேடுங்கள். அதுதான் இப்போது உங்கள் தாய்விதை. 100 எண்ணி இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து ஒரு வாரத்தில் எத்தனை முளைக்கிறது என்று எழுதுங்கள். 65-க்கு மேல் இருந்தால் தையில் அதையே வலைக்குள் போடலாம். குறைந்தால் எத்தனை கூடுதலாக ஊன்றுவது என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.