வற்புறுத்தலும் வலியுறுத்தலும்: டீச்சரிடம் கேளுங்கள்

களுவாஞ்சிக்குடி மாணவி: டீச்சர், ‘வள்ளுவர் வாய்மையை வற்புறுத்துகிறார்’ என்று கட்டுரையில் எழுதினேன். ‘வலியுறுத்துகிறார்’ என்று திருத்தி, புள்ளியும் குறைத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே?

புள்ளி குறைத்தது கொஞ்சம் கடுமைதான் மகள். பழைய உரைநடையில் ‘அறத்தை வற்புறுத்தும் நூல்’ என்று தாராளமாக எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டு சொல்லும் பாகம் பிரித்துக்கொண்டு விட்டன. ‘ஐ’ உருபு எதில் ஏறுகிறது என்று பாருங்கள். வலியுறுத்துவது விஷயத்தை: வாய்மையை, கோரிக்கையை. வற்புறுத்துவது ஆளை: தம்பியை, வீட்டாரை. ‘வைத்தியர் நடைப்பயிற்சியை வலியுறுத்தினார்’ என்றால் அழுத்திச் சொன்னார், அவ்வளவுதான். நீங்கள் நடந்தீர்களோ இல்லையோ. ‘அண்ணன் என்னை நடக்கச் சொல்லி வற்புறுத்தினான்’ என்றால், அநேகமாக விடியற்காலையில் கல்லடிப் பாலத்தில் வியர்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஆரையம்பதி வாசகர்: அப்படியென்றால் பத்திரிகையில் ‘அரசை வலியுறுத்தி ஆர்ப்பாட்டம்’ என்று போடுகிறார்களே?

நல்ல பிடி. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை என்ற இடங்களின் மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 இல் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்களே, அவர்கள் அரசை ‘வற்புறுத்தினார்கள்’ என்று எழுதிப் பாருங்கள், காதில் ஒட்டாது. ஒருவரை வற்புறுத்த அவர்மீது ஒரு பிடி வேண்டும்: வயது, உறவு, பதவி, கொடுத்த கடன், ஏதாவது. மாடு வளர்க்கிறவருக்கு அரசின்மீது அப்படி என்ன பிடி? அதனால்தான் அங்கே ‘வலியுறுத்தி’ வந்து நிற்கிறது. நான் எழுதினால் ‘அரசிடம் வலியுறுத்தி’ என்பேன். ‘கோரி’ என்று சுருக்கமாகப் போடும் நம்முடைய வழக்கம் இன்னும் சுத்தம்.

காத்தான்குடி சகோதரி: காணி உறுதி எழுதும்போது ‘எவருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி’ என்று நொத்தாரிசு வாசித்தார். ஒன்று போதாதா?

போதாது. வற்புறுத்தலில் உங்கள் மனம் ‘வேண்டாம்’ என்றே நிற்கும், கைதான் ஒப்பம் வைக்கும். தூண்டுதலில் மனமே மாறிவிடும்; ஆசை உங்களுடையது என்றே நினைப்பீர்கள். ‘எழுதித் தராட்டி இந்த வீட்டில இருக்க ஏலா’ என்று வயதான உம்மாவிடம் சொன்னால் வற்புறுத்தல். ‘சின்ன மகள் உங்களைப் பார்க்க வாறதே இல்லையே உம்மா’ என்று கிழமைக்கு இரண்டு தரம், தேத்தண்ணி கொடுக்கும்போது மட்டும் சொன்னால் தூண்டுதல். இரண்டாவதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அக்கரைப்பற்று ஆசிரியர்: இரண்டுக்கும் வேர் ஒன்றா?

ஒன்றுதான். ‘வலி’ என்றால் இங்கே நோவு அல்ல, பலம். ‘வற்பு’ என்றால் உறுதி. இரண்டும் ‘வல்’ அடியில் பிறந்தவை. ‘உறு’ என்பதன் பிறவினை ‘உறுத்து’. ஆகவே வற்புறுத்து என்பது ‘உறுதி பெறச் செய்’. பழைய பொருளில் நெருக்குதலே இல்லை! குறுந்தொகையில் ஒரு பாட்டு: கொன்றை பூத்துவிட்டது, கார்காலம் வந்துவிட்டது, தலைவன் இன்னும் வரவில்லையே என்று தலைவி கலங்குகிறாள். ‘இது கார் இல்லையடி, வம்பாகப் பெய்த மழையைக் கார் என்று நம்பி இந்த மடக் கொன்றை பூத்துவிட்டது’ என்கிறாள் தோழி. பாட்டின் கீழே உள்ள குறிப்பு, தோழி அவளை வற்புறுத்தியதாகச் சொல்கிறது. பொய் சொல்லித் தைரியம் கொடுத்தாள் என்று அர்த்தம். தேற்றுகிற சொல் எப்படியோ நெருக்குகிற சொல்லாகிவிட்டது. கொஞ்சம் கவலைதான் எனக்கு.

வாழைச்சேனை வாசகர்: ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பதில் ஏன் ‘வற்புறுத்தி’ வராது?

வற்புறுத்தப்பட்டவர் கடைசியில் தானே ஒரு காரியத்தைச் செய்வார்: போவார், ஒப்பமிடுவார். கொண்டுபோகப்பட்டவர் எதையும் செய்யவில்லை. எல்லாம் அவருக்குச் செய்யப்பட்டது. ‘காணாமல் போனோர்’ என்று சொல்லாதீர்கள், ‘ஆக்கப்பட்டோர்’ என்று சொல்லுங்கள் என்று தாய்மார் வலியுறுத்துவதும் இதனால்தான். ‘வலியப் போய் உதவினான்’ என்பதும் இதே வினைதான். யாரும் கேட்காமல் தானாகப் போனான். உதவிக்குப் போகிறவனும் கேட்டுக்கொண்டு போவதில்லை, ஆளைத் தூக்க வருகிறவனும் கேட்பதில்லை.

கல்முனைத் தம்பி: கல்யாண வீட்டில் வட்டிலப்பத்தை வற்புறுத்தி வைக்கிறார்களே?

அது உபசாரம். சீனி வருத்தக்காரருக்கு வைத்தால் கட்டாயப்படுத்தல்.

திருக்கோவில் வாசகி: உந்துதல்?

பின்னால் இருந்து தள்ளுவது. உந்துருளியில் இருக்கிற உந்துதான். பெரும்பாலும் உள்ளேயிருந்து வரும், ஆள் தேவையில்லை.

நிந்தவூர் மாணவன்: ‘வழியுறுத்தல்’ என்றும் ‘வற்புருத்தல்’ என்றும் பதாகைகளில் கண்டிருக்கிறேன்.

இரண்டும் பிழை மகன். முன்னதில் ‘லி’, பின்னதில் ‘று’. பதாகை அடிக்கக் கொடுக்கும் முன் ஒரு தரம் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.