முன்வந்தவர்களை என்ன செய்தார்கள்?

கேள்வி: தீவிரவாதத்துக்கு எதிராக இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று ஐ.நா. முதல் உள்ளூர் மேடைப் பேச்சாளர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் யாரும் முன்வருவதாகத் தெரியவில்லையே, ஏன்? (வாசகர், திருச்சி)

பதில்: முன்வருகிறார்கள். வந்தபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால், கேள்வி இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

நீங்கள் குறிப்பிடும் ஐ.நா. அறைகூவல், ஜோர்டானின் முயற்சியால் 2015 டிசம்பரில் பாதுகாப்புச் சபை ஒருமனதாக நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானமாக இருக்க வேண்டும். 18 முதல் 29 வயது வரையிலானவர்களை அமைதிப் பணியில் பங்காளிகளாக ஏற்கச் சொல்லும் அதே தீர்மானம், அவர்களைப் பாதுகாக்கவும் சொல்கிறது. மேடையில் முதல் பாதிதான் கேட்கிறது.

பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வாவைப் பாருங்கள். 2002இல், தமக்குப் பதினாறு வயதாகும்போது, குலாலை இஸ்மாயில் தம் சகோதரியுடன் சேர்ந்து ‘அவேர் கேர்ள்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பெண்களின் உரிமை பற்றிப் பேசத் தொடங்கியவர்கள், தங்கள் வயதுப் பையன்களை ஆயுதக் குழுக்கள் ஆள்சேர்த்துக்கொண்டு போவதைக் கண்டபின், அதே வயதினருக்குப் பயிற்சி அளித்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். அங்கே கூட்டம் போட்டு முழங்குவது அவர்கள் வேலையன்று; வழிதவறக்கூடியவர் என்று தோன்றும் இளைஞரைத் தேடிப் போய், சிலராகச் சேர்ந்து உட்கார்ந்து, தாலிபான் எப்படி உருவானது, ‘புனிதப் போர்’ என்று சொல்லி அழைப்பவருக்கு அதில் என்ன லாபம் என்று பேசிப் பேசிப் புரியவைப்பதுதான் வேலை. புகைப்படத்துக்கு உதவாத வேலை என்பதால்தானோ என்னவோ, அது நம் கண்ணில் படுவதில்லை. 2017இல், கொல்லப்பட்ட ரஷ்யப் பத்திரிகையாளர் அன்னா பொலிட்கோவ்ஸ்கயா பெயரிலான விருது குலாலைக்கும், அந்த ஆண்டுதான் பெங்களூரில் சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கௌரி லங்கேஷுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2018 அக்டோபரில் லண்டனிலிருந்து திரும்பிய குலாலையை இஸ்லாமாபாத் விமான நிலையத்திலேயே பிடித்து வைத்தார்கள். 2019 மே மாதம், ஒரு சிறுமியின் கொலையைக் கண்டித்துப் பேசியதற்காக அவர்மீது பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்திலும் வழக்குப் பதிவானது. மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்தவர் செப்டம்பரில் நியூயார்க்கில் வெளிப்பட்டார்; அடுத்த மாதமே அவருடைய தந்தை, ஓய்வுபெற்ற பேராசிரியர், பெஷாவரில் கைதானார். பயங்கரவாதத்துக்கு எதிராகப் பிள்ளைகளைத் திரட்டியவருக்குப் பயங்கரவாதச் சட்டமே பரிசு.

அண்டை நாட்டுக் கதைதானே என்று இருந்துவிட வேண்டாம்; நம் மொழியிலேயே ஒன்று இருக்கிறது. இலங்கையின் மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாஃப் ஜசீம் 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிந்தைய சந்தேகச் சூழலில், 2020 மே மாதம், அந்தக் கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்று கூறி, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தார்கள். மூலத்தைத் தமிழில் படித்தவர்களோ, அவற்றில் பல வன்முறையைக் கண்டிப்பவை என்று வரி வரியாக எடுத்துக்காட்டினார்கள். (நவரசத்தில் ரௌத்திரமும் ஒன்று என்பதைப் புலனாய்வு அதிகாரிகளுக்கு யார் பாடம் எடுப்பது?) ஏறத்தாழ பத்தொன்பது மாதச் சிறைக்குப் பிறகு 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது; புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில்.

வன்முறைக்கு எதிராகத் தமிழில் எழுதிய இளைஞர் ஒருவரை நீங்கள் அந்தப் பத்தொன்பது மாதங்களில் தேடியிருந்தால், விசாரணைக் கைதிகளின் பட்டியலில் பார்த்திருக்க வேண்டும்.