மாவாவை நீட்டும் 'அண்ணா'வுக்கு என்ன பதில்?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் தரம் 7. ரியூசன் விட்டு வரும்போது பெரிய வகுப்பு அண்ணா ஒருவர் மாவா (மெல்லும் புகையிலைக் கலவை) கொடுத்துப் 'போட்டுப் பார்' என்றாராம். இவனும் ஒருக்கால் போட்டுப் பார்த்திருக்கிறான். தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறான், அவள் வந்து எனக்குச் சொன்னாள். இவர் கட்டாரில். நான் தனிய என்ன செய்வது? ரியூசனை நிறுத்தவா? இது ஐஸ் போதைப்பொருள் வரைக்கும் போய்விடுமா?"

உங்கள் மகன் இந்த விஷயத்தை வீட்டுக்குள் ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லியிருக்கிறான். முதலில் அதைக் காப்பாற்றுங்கள். இன்று அடித்தால் அடுத்த தடவை தங்கச்சிக்கும் சொல்லமாட்டான். அவள் சொன்னாள் என்றும் காட்டிக்கொடுக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, "ரியூசன் பக்கம் பெடியள் மாவா போடுறாங்களாமே, உன்னிடமும் யாராவது நீட்டினாங்களா?" என்று சாதாரணமாகத் தொடங்குங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம். அது கொஞ்சம் கஷ்டம்தான்.

மாவா என்பது பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. சுண்ணாம்பு சேர்ந்ததும் புகையிலையில் உள்ள நிகோடின் வாயின் உட்தோல் வழியாகச் சீக்கிரம் இரத்தத்துக்குள் போகிறது. முதல் தடவை தலை சுற்றுவது அதனால்தான். புகை இல்லாததால் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு வகுப்பிலேயே இருந்துவிடலாம். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. தொடர்ந்து போட்டால் உறைப்புப் பட்டதும் வாய் எரியும், கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகும், பிறகு வாயை முழுதாகத் திறக்க முடியாது. தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் பல் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். ஒருமுறை போட்டதற்கு இதெல்லாம் வராது. அப்படி வரும் என்று அவனை வெருட்டவும் வேண்டாம். வெருட்டினால், போட்டும் ஒன்றும் ஆகாத நண்பனைப் பார்த்ததும் நீங்கள் சொன்ன எல்லாமே பொய் என்று நினைப்பான்.

ஐஸ் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மாவாவை ஒருக்கால் தொட்ட பிள்ளைகள் எல்லோரும் அங்கே போவதில்லை. ஆனால் எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பழக்கம் இறுகிப் பிடிக்கும். ஆசையைக் கட்டுப்படுத்தி நிதானமாக யோசிக்கும் மூளைப்பகுதி ஏறக்குறைய 25 வயதுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் 12 வயதுப் பிள்ளையின் மன உறுதியை மட்டும் நம்பி இருக்க முடியாது. என்ன சொல்வது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

போதைப்பொருளின் தீமையைப் படமாகக் காட்டிப் பயமுறுத்தும் கூட்டங்கள் பெரிதாகப் பலன் தருவதில்லை; பிள்ளைகளைப் பேசவைத்து, மறுக்கப் பழக்குவது பலன் தருகிறது. இது பல நாடுகளில் பார்த்து உறுதிசெய்த விஷயம். வீட்டிலேயே பழக்கலாம். நீங்கள் அந்த அண்ணாவாக நில்லுங்கள். "போட்டுப் பாரடா, பயந்தாங்கொள்ளியா?" என்று கேளுங்கள். அவன் முதலில் சிரிப்பான், பிறகு முழிப்பான். அந்த முழிப்பு வீட்டில் நடக்கட்டும். "வேண்டாம் அண்ணா, போன முறை தலை சுத்திச்சு" என்று சொல்லலாம். "அம்மா ஒவ்வொரு நாளும் வாயை மணந்து பார்ப்பா, பிடிபட்டால் ரியூசனும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை" என்று பழியை உங்கள் தலையில் போடலாம். இந்த வயதில் நண்பர்கள் முன் மானம் போகாமல் தப்ப இதைவிட நல்ல வழி இல்லை. சொன்ன கையோடு நடையைக் கட்ட வேண்டும். நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவர்கள்தான் வெல்வார்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்துபாருங்கள், பதில் தானாக வரும்.

"எல்லாரும்தான் போடுறாங்கள்" என்பான். சரி, உன் வகுப்பில் யார் யார் என்று விரல் மடக்கி எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு கையோடு நின்றுவிடும்.

ரியூசனை நிறுத்த வேண்டாம், வரும் வழியை மாற்றுங்கள். அதே பக்கம் வரும் நல்ல பிள்ளைகள் இருவரோடு சேர்ந்து வரட்டும். வகுப்பு விட்டதற்கும் வீடு வருவதற்கும் இடையில் சும்மா கிடக்கும் அந்த அரை மணித்தியாலத்தில்தான் கடைவாசலும் பெரிய பெடியளும் சேர்கிறார்கள். பின்னேரத்தில் மைதானம், நீச்சல் என்று அவனுக்குப் பிடித்த ஒன்று இருந்தால் நல்லது. அவனுடைய அப்பா கட்டாரில் இருந்து தொலைபேசி எடுக்கும்போது விசாரணையில் தொடங்காமல், அன்றைய விளையாட்டைப் பற்றி முதலில் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது வெற்றிலையோடு புகையிலை போட்டால், அவனைக் கடைக்கு அனுப்பி வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள்.

அந்தப் பெரிய பையனையோ கடைக்காரரையோ தேடிப்போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். மறுநாள் அந்தப் பழி உங்கள் மகன் மீதுதான் விழும். வகுப்பாசிரியரிடமோ பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமோ, மகனின் பெயர் வெளியே வராதபடி சொல்லுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மெல்லும் புகையிலைப் பொருட்களுக்கு 2016இல் தடையே வந்துவிட்டது. ஆகவே கடையைப் பற்றிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் முறையிடலாம். பிள்ளைகளைக் குறிவைத்து விற்கிறார்கள் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. மகன் திரும்பத் திரும்பப் போடுகிறான், காசு காணாமல் போகிறது, நித்திரையும் சாப்பாடும் குழம்புகிறது என்றால் காத்திருக்காமல் திருகோணமலை பொது வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மனநலப் பிரிவில் காட்டுங்கள்.